கணினி “புது இனம்” என்று சொன்னால் முதலில் எங்கே பார்ப்பது

திருகோணமலைப் பக்கம் தம்பலகாமத்தில் ஒரு பட்டி. மூன்று மாத எருமைக் கன்று ஒன்று முழங்கால் வீங்கி, எழும்ப மாட்டாமல் கிடந்தது. கால்நடை வைத்தியர் மூட்டிலிருந்து ஊசியால் இழுத்த நீரை இரத்த ஏகர் தட்டில் தேய்த்தார். இரண்டு நாளாகியும் ஒன்றும் முளைக்கவில்லை. அப்புறம் விசேட ஊடகத்தில் பல நாள் வைத்து வளர்த்து, டிஎன்ஏ பிரித்து, வெளியே அனுப்பி வரிசைப்படுத்தி, அதாவது அதன் எழுத்துகளை வரிசையாக வாசித்து, எடுத்தோம். கோப்பு வந்த இரவு திறந்து பார்த்தால், ஜீன்கள் எல்லாம் பாதி பாதியாக அறுந்து கிடந்தன. தெரிந்த எந்தப் பற்றீரியாவிலும் ஜீன்கள் அப்படி இல்லை. புதிய நோய்க்கிருமி ஒன்று கையில் இருக்கிறது என்று மூன்று நாள் நம்பியிருந்தேன். பிழை ஒரேயொரு எண்ணில் இருந்தது. மென்பொருளுக்கு 4 என்று கொடுக்க வேண்டிய இடத்தில் 11 என்று விட்டிருந்தேன்.

அந்த மூன்று நாளில் பட்டிக்கார ஐயா இரண்டு தடவை போன் எடுத்தார். “பிள்ளை, கண்டுக்குட்டிக்கு என்ன வருத்தம் எண்டு தெரிஞ்சுதா?” அவருக்குத் தேவையான பதில் முதல் நாளே என் திரையில் இருந்தது. நான் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தேன். இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

கால்நடை ஆய்வுகூடங்களில் வேலை செய்கிறவர்களுக்கும், பற்றீரியா ஜீனோம் (ஒரு உயிரின் முழு டிஎன்ஏ எழுத்து வரிசை) கோப்பை முதல் தடவை திறக்கும் மாணவர்களுக்கும் இது. வரிசையாக வாசிக்கத் தேவையில்லை. உங்கள் முன்னால் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். முதல் தலைப்பை மட்டும் எல்லோரும் வாசியுங்கள்.

தட்டில் ஏதோ வளர்ந்திருக்கிறது, கிட் பெயர் சொல்லத் தடுமாறுகிறது

கணினிக்கு முந்திய அறிகுறி இது. இங்கே பிழை விட்டால் நோயாளி நீங்கள்தான்.

இரண்டு பற்றீரியாக்களை எப்போதும் மனதில் வைத்திருங்கள். ஒன்று, மெலியோய்டோசிஸ் நோயைத் தரும் புர்க்ஹோல்டேரியா சூடோமல்லை. இலங்கையின் மண்ணிலும் தண்ணீரிலும் இருப்பது. மாரி மழையோடு மேலே வரும். ஆட்டையும் பிடிக்கும், வயலில் இறங்கும் மனிதனையும் பிடிக்கும். பற்றீரியாவின் பெயர் சொல்லும் சாதாரண சோதனைக் கிட்கள் இதை புர்க்ஹோல்டேரியா செபாசியா என்றோ ஏதோ ஒரு சூடோமோனாஸ் என்றோ சொல்லிவிடுவது உண்டு. ஜென்டாமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் அடங்காத ஒரு கிராம் நெகட்டிவ் கோல் வடிவப் பற்றீரியா என்றால் உடனே இதைச் சந்தேகியுங்கள். மற்றது புரூசெல்லா. கரு கலைந்த மாட்டின் நஞ்சுக்கொடியிலோ செத்துப் பிறந்த கன்றின் வயிற்று நீரிலோ இருந்து எடுத்த மாதிரியில், மெல்ல மெல்ல, ஊசிமுனை அளவில் முளைக்கும். இதை ஒக்ரோபக்ட்ரம் என்று கிட்கள் பிழையாகச் சொன்ன சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. அப்படிப் பெயர் வந்ததும் “சும்மா மண்ணில் இருக்கிறது” என்று தட்டைத் திறந்து மணந்து பார்த்தவர்களுக்குத்தான் காய்ச்சல் வந்தது.

ஆகவே பெயர் தெரியாத தட்டை மணக்காதீர்கள். மூடி, ஒட்டி, பாதுகாப்புப் பெட்டிக்குள் மட்டும் திறவுங்கள். டிஎன்ஏ பிரித்த பின் அந்தத் திரவத்தில் ஒரு துளியைத் தட்டில் போட்டு, ஒன்றும் வளரவில்லை என்று உறுதியான பிறகே வெளியே அனுப்புங்கள். திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத இரத்தம் வடிகிற மாட்டை அறுக்கவே கூடாது. அது அடைப்பானாக (அந்த்ராக்ஸ்) இருக்கலாம். காதிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால் போதும்.

வந்த தரவில் பெரும்பகுதி மாடு

கிருமியை வளர்க்காமல், இழையத்திலிருந்தே நேரடியாக வரிசைப்படுத்தினால் இப்படித்தான் வரும். கணக்கைப் பாருங்கள். மாட்டின் ஒரு உயிரணுவில் இரண்டு பிரதி ஜீனோம், மொத்தம் ஏறக்குறைய 540 கோடி எழுத்துகள். தொண்டை அடைப்பானைத் தரும் பாஸ்டுரெல்லா மல்டோசிடாவின் ஜீனோம் சுமார் 23 லட்சம் எழுத்துகள். ஒரு மாட்டு உயிரணுவின் டிஎன்ஏ அளவுக்கு ஈடாக 2,300க்கும் மேற்பட்ட பற்றீரியா வேண்டும். ஈரல் துண்டு ஒன்றில் எத்தனை கோடி உயிரணு இருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் மீதியைச் சொல்லத் தேவையில்லை.

வளர்க்க முடிந்தால் வளர்த்து அனுப்புவதுதான் நல்லது. முடியாவிட்டால் விலங்கின் ஜீனோமோடு ஒப்பிட்டு ஒத்த வாசிப்புகளை, அதாவது கருவி வாசித்த டிஎன்ஏ துண்டுகளை, கழித்துவிடுங்கள். எருமைக்கு எருமையின் ஜீனோமையே பாவியுங்கள். மாட்டின் ஜீனோமை வைத்துக் கழித்தால் எருமைக்கே உரிய துண்டுகள் மிஞ்சி, “எதோடும் பொருந்தாத டிஎன்ஏ” என்று நிற்கும். புள்ளிமானுக்கு அதற்கு நெருங்கிய மான் இனம் ஒன்றை எடுங்கள்.

ஜீனோம் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக இருக்கிறது

எருமையின் நுரையீரலிலிருந்து பாஸ்டுரெல்லா வரும் என்று காத்திருக்கிறீர்கள். வாசிப்புகளைக் கோர்த்து முடிந்ததும் 73 லட்சம் எழுத்துகள் என்று வருகிறது. மூன்று மடங்கு! இங்கேதான் “புதுசு” என்ற நினைப்பு முதலில் தலைதூக்கும்.

23 லட்சத்தைக் கழியுங்கள். மிச்சம் 50 லட்சம். ஈகோலை ஒன்றின் ஜீனோம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இரண்டு பற்றீரியா ஒரே குழாயில் போய்விட்டன. உறுதிப்படுத்த, ஒவ்வொரு துண்டின் ஜிசி வீதத்தையும், அதாவது ஜி, சி என்ற இரு எழுத்துகள் எத்தனை சதவீதம் என்பதையும் வரைபடமாகப் போடுங்கள். பாஸ்டுரெல்லா 40 சதவீதத்தில் ஒரு மேடாகவும் ஈகோலை 50 சதவீதத்தை ஒட்டி இன்னொரு மேடாகவும் தெரியும். இரண்டும் எத்தனை மடங்கு வாசிக்கப்பட்டிருக்கின்றன என்ற எண்ணிக்கையும் வேறுபடும். செக்எம் மென்பொருள், ஒரு பற்றீரியாவில் ஒரே ஒரு பிரதியாக இருக்க வேண்டிய ஜீன்கள் இரண்டிரண்டாக இருப்பதைக் கண்டு கலப்பு வீதத்தை உயர்த்திக் காட்டும். 5 சதவீதத்துக்கு மேல் கலப்பு இருந்தால் அந்த ஜீனோமை வைத்து இனம் பற்றிப் பேசவே கூடாது.

ஆனால் 72 லட்சம் என்று வந்து, ஜிசி வீதம் முழுவதும் 68 சதவீதத்தில் ஒரே மேடாக நின்று, செக்எம்மும் கலப்பு இல்லை என்றால்? கையை எடுத்துவிட்டு முதல் தலைப்புக்குத் திரும்புங்கள். புர்க்ஹோல்டேரியா சூடோமல்லையின் அளவும் அதுதான், ஜிசி வீதமும் அதுதான். “பெரிசாக இருந்தால் கலப்பு” என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவெடுக்கக் கூடாது என்பதற்காகவே இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சொல்கிறேன்.

கலப்பு பெரும்பாலும் வழியில்தான் நடக்கிறது. திருகோணமலையிலிருந்து கண்டிப் பக்கத்துக் கன்னொருவை, பேராதனை ஆய்வுகூடங்களுக்கு மாதிரி போக வேண்டுமென்றால் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை என்று அரை நாள் பயணம். ஐஸ் உருகிய பெட்டியில், சித்திரை வெயிலில், குடலில் இருந்த ஈகோலையும் புரோட்டியஸும் நுரையீரல் துண்டு முழுக்கப் பரவிவிடும். விலங்கு செத்து நேரமாகிவிட்டால் நெஞ்சு, வயிற்று உறுப்புகளை விட்டுவிட்டு நீண்ட எலும்பு ஒன்றைச் சதை நீக்கி முழுதாக அனுப்புங்கள். உள்ளே இருக்கும் மச்சை கடைசியாகத்தான் அழுகும். பழைய கால்நடை வைத்தியர்கள் தொண்டை அடைப்பானுக்கு இப்படித்தான் செய்தார்கள். ஜீனோம் வேலைக்கும் அதுவே மிகப் பொருத்தம்.

தட்டிலிருந்து அனுப்புகிறீர்கள் என்றால் ஒரு தனிக் குடியேற்றத்தைத் தொட்டு, இன்னொரு தட்டில் கீறி, அதிலிருந்தும் ஒன்றைத் தொட்டு மறுபடி கீறுங்கள். ஓரிரு நாள்தான் கூடப் பிடிக்கும்.

கோர்த்தால் நூற்றுக்கணக்கான துண்டுகள்

குறுவாசிப்புகள் மட்டும் இருந்தால் இது நோய் அல்ல, இயல்பு. ரைபோசோம் ஆர்என்ஏ ஜீன் கூட்டம் ஏறக்குறைய 5,000 எழுத்து நீளம், அதே வரிசையில் பல இடங்களில் திரும்பத் திரும்ப வரும். 150 எழுத்து வாசிப்பு அதைத் தாண்ட முடியாது. அங்கே துண்டு அறுகிறது. இன ஒப்பீட்டுக்கு 100, 200 துண்டுகள் தடையில்லை. ஆயிரக்கணக்கில் போனால், வாசிப்பு போதவில்லை அல்லது கலப்பு. 150 எழுத்தில் 10 லட்சம் சோடி என்றால் 30 கோடி எழுத்து. 23 லட்சத்தால் பிரித்தால் 130 மடங்கு. 30 மடங்குக்குக் கீழே இருந்தால் மறுபடி வரிசைப்படுத்துவதுதான் வழி.

ஜீன்கள் பாதியில் நிற்கின்றன

என் மூன்று நாளைத் தின்ற அறிகுறி இதுதான், கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

பற்றீரியா ஜீனோமில் ஏறக்குறைய ஆயிரம் எழுத்துக்கு ஒரு ஜீன் இருக்கும். அந்தக் கன்றின் கிருமிக்கு ஜீனோம் 10 லட்சம் எழுத்து. 800 முதல் ஆயிரம் வரை ஜீன்கள் வந்திருக்க வேண்டும். ஜீன்களைக் கண்டு பெயரிடும் ப்ரொக்கா மென்பொருள் கிட்டத்தட்ட அதன் இரட்டிப்பைக் காட்டியது, எல்லாம் குட்டிக் குட்டியாக. ஒரே நொதியத்தின் பெயர் அடுத்தடுத்து மூன்று தடவை வந்தது. ஒரு ஜீன் மூன்றாக வெட்டுப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

இப்படி வந்தால், வெட்டு விழுந்த இடத்துக்குப் போய் அந்த மூன்று எழுத்தைப் பாருங்கள். ஜீன் முடிகிறது என்று சொல்ல மூன்று குறிகள் உண்டு: டிஏஏ, டிஏஜி, டிஜிஏ. என் கோப்பில் இடையில் விழுந்த வெட்டு ஒவ்வொன்றும் டிஜிஏயில் இருந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை. இது மைக்கோபிளாஸ்மாவின் கையெழுத்து. மற்றப் பற்றீரியாக்களில் பெரும்பாலானவற்றுக்கு டிஜிஏ என்றால் “நில்”. மைக்கோபிளாஸ்மாக்களுக்கு அது ட்ரிப்டோபான் என்ற அமினோ அமிலம். மென்பொருளுக்கு இதைச் சொல்லாவிட்டால் அது ட்ரிப்டோபான் வருகிற இடமெல்லாம் ஜீனை அறுத்துவிடும். ப்ரொக்காவில் மரபுக் குறியீட்டு அட்டவணை எண் இயல்பாக 11 என்று இருக்கும். அதை 4 ஆக்க வேண்டும். அதே வேலை செய்யும் பக்டாவிலும் அதே மாற்றம். மாற்றி ஓட்டிய அடுத்த நிமிடங்களில் ஜீன்கள் எல்லாம் முழு நீளத்துக்கு ஒட்டிக்கொண்டன. ஏற்கெனவே பெயர் உள்ள ஒரு மைக்கோபிளாஸ்மாதான் அது.

செக்எம் இரண்டு அட்டவணையையும் தானே முயன்று பொருத்தமானதை எடுத்துக்கொள்ளும். அதனால் “செக்எம்மில் எல்லாம் நன்றாக இருக்கிறது, ப்ரொக்காவில் மட்டும் நாசம்” என்று வந்தால் முதலில் இந்த எண்ணைப் பாருங்கள்.

வெட்டு டிஜிஏயில் இல்லாமல், ஒரே எழுத்து ஆறு ஏழு தடவை தொடர்ந்து வரும் இடங்களுக்குப் பக்கத்தில் விழுந்தால் கதை வேறு. நீண்ட துண்டுகளை வாசிக்கும் நானோபோர் முறையில் ஏஏஏஏஏஏஏ என்பதில் ஒரு ஏ குறைந்துவிடும். அதற்குப் பின் எழுத்துகளை மூன்று மூன்றாகப் பிரிப்பது முழுக்க இடம் மாறிவிடும். மெடாகா மென்பொருள் கொண்டு திருத்துங்கள், குறுவாசிப்பும் கையில் இருந்தால் அதையும் சேர்த்துத் திருத்துங்கள். நானோபோரின் மினயன் கருவியில் ஆர்10 வகைப் புது வடிகலங்கள் இந்தப் பிழையை நன்றாகக் குறைத்துவிட்டன.

இரண்டும் இல்லாமல், திருத்திய பிறகும் ஜீன்கள் உடைந்தே இருந்தால் அது உண்மையாகவே உடைந்ததாக இருக்கலாம். ஒரே வகை விருந்தோம்பிக்குள் நெடுங்காலம் வாழ்ந்த கிருமிகள் தேவையற்ற ஜீன்களைக் கைவிட்டுவிடும். தொழுநோய்க் கிருமியின் ஜீனோம் 2001இல் வெளிவந்தபோது 1,600 அளவில் வேலை செய்யும் ஜீன்களும் 1,100க்கும் மேல் செத்த ஜீன்களும் அதில் இருந்தன. ஆனால் இந்த முடிவுக்குக் கடைசியாகத்தான் வர வேண்டும்.

எல்லா மாதிரியிலும் அதே “புது” பற்றீரியா

மூதூர் ஆட்டிலும் அது, கந்தளாய் மாட்டிலும் அது என்றால் நோய் பரவுகிறது என்று பதறாதீர்கள். வெறும் தண்ணீரை மாதிரி போல வைத்துப் பிரித்த குழாயில் அது இருக்கிறதா என்று பாருங்கள். பிராடிரைசோபியம், ரால்ஸ்டோனியா போன்றவை டிஎன்ஏ பிரிக்கும் கிட்களின் திரவங்களிலேயே வருவது வழக்கம். தண்ணீர்க் குழாய் வைக்கவில்லை என்றால் அந்தத் தொகுதியை நம்ப வேண்டாம். இன்னொன்று: சரியாக 5,386 எழுத்து நீளத்தில் ஒரு துண்டு தனியாக நின்றால் அது புது பிளாஸ்மிட் (குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் சிறு டிஎன்ஏ வட்டம்) அல்ல. குறுவாசிப்பு தரும் இலுமினா கருவியில் சரிபார்ப்புக்காகச் சேர்க்கும் பைஎக்ஸ்174 வைரசின் ஜீனோம். எடுத்து வெளியே போடுங்கள்.

16எஸ் ஒன்று சொல்கிறது, முழு ஜீனோம் இன்னொன்று சொல்கிறது

16எஸ் என்பது ரைபோசோம் ஆர்என்ஏ ஜீன்களில் ஒன்று, 1,500 எழுத்து. பல ஆண்டுகளாக அதை வைத்துத்தான் பற்றீரியாவை அடையாளம் கண்டோம். 1994இல் 97 சதவீதத்துக்குக் கீழே ஒற்றுமை இருந்தால் வேறு இனம் என்றார்கள். இப்போது எல்லை 98.7 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. முழு ஜீனோமுக்கு அளவுகோல் ஏஎன்ஐ, அதாவது இரண்டு ஜீனோமிலும் பொதுவாக உள்ள பகுதிகளின் சராசரி ஒற்றுமை. 95 முதல் 96 சதவீதம் வரை எல்லை. இரு டிஎன்ஏக்கள் எவ்வளவு ஒட்டும் என்று கணினியில் கணக்கிடும் அளவில் எல்லை 70 சதவீதம்.

16எஸ் 99.8 என்கிறது, ஏஎன்ஐ 91 என்கிறது என்றால் ஏஎன்ஐயை நம்புங்கள். 16எஸ் மிக மெதுவாக மாறும் ஜீன். இரண்டு வேறு இனங்களுக்கு அது ஒன்றாகவே இருக்கலாம். இங்கே உண்மையிலேயே புது இனம் இருக்க வாய்ப்புண்டு.

தலைகீழாக, 16எஸ் 97 என்றும் ஏஎன்ஐ 98 என்றும் வந்தால் உங்கள் 16எஸ் துண்டு கெட்டுப்போயிருக்கிறது. ஒரு பற்றீரியாவில் 16எஸ் பல பிரதிகளாக இருக்கும், ஈகோலையில் ஏழு. குறுவாசிப்பைக் கோர்க்கும்போது அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கலப்படமாகும். அல்லது அந்தத் துண்டே வேறொரு பற்றீரியாவிலிருந்து வந்திருக்கும். 16எஸ்ஸில் 400 எழுத்துதான் கிடைத்தது என்றால் இன எல்லை பற்றிய பேச்சே வேண்டாம்.

ஏஎன்ஐ கணக்கிடும் பாஸ்ட்ஏஎன்ஐ மென்பொருளை ஓட்டி முடிந்து கோப்பு வெறுமையாக இருந்தால் மென்பொருள் கெடவில்லை. 80 சதவீதத்துக்கு வெகு கீழே போனால் அது எண்ணே தராது. நீங்கள் தேர்ந்த ஒப்பீட்டு ஜீனோம் தூரத்து உறவு, அவ்வளவுதான்.

95.4 என்று எல்லையிலேயே வந்து நின்றால்? எனக்கு மிகவும் பிடித்த சிக்கல் இது. முதலில், யாரோடு ஒப்பிட்டீர்கள் என்று பாருங்கள். அந்தப் பெயரில் பொதுத் தரவகத்தில் கிடைத்த ஏதோ ஒரு ஜீனோமோடா, அந்த இனத்தின் மாதிரி வகைக் கிருமியின், அதாவது இனத்துக்குப் பெயர் வைத்தபோது அடையாளமாக வைத்த கிருமியின், ஜீனோமோடா? பெயர் பிழையாக ஒட்டிய ஜீனோம்கள் தரவகங்களில் நிறைய உண்டு. மாதிரி வகையோடு ஒப்பிட்டதும் பல “புது இனங்கள்” காணாமற்போய்விடும். இரண்டாவது, மொத்தத் துண்டுகளில் எத்தனை துண்டு பொருந்தியது என்பது அதே கோப்பின் கடைசி இரண்டு நிரல்களில் இருக்கும். பாதிதான் பொருந்தியிருந்தால் 95.4 என்ற எண்ணுக்கு அர்த்தம் குறைவு. மூன்றாவது, ஒப்பீட்டை இரு பக்கமும் ஓட்டுங்கள். பிறகும் எல்லையிலேயே நின்றால் “எல்லையில் நிற்கிறது” என்றே எழுதுங்கள். அப்படி எழுதுவதில் ஒரு குறையும் இல்லை.

ஒரு மென்பொருள் ஒரு பெயர், மற்றது வேறு பெயர்

பெயர்கள் மாறிக்கொண்டிருக்கும் காலம் இது. மாட்டின் மூட்டையும் நுரையீரலையும் தாக்கும் மைக்கோபிளாஸ்மா போவிஸுக்கு 2018இல் மைக்கோபிளாஸ்மொப்சிஸ் போவிஸ் என்று பெயர் வைத்தார்கள். இரண்டும் ஒன்றே.

சிரிக்க முடியாத சிக்கல் புரூசெல்லாவில் இருக்கிறது. 2020இல் ஒக்ரோபக்ட்ரத்தை புரூசெல்லாவுக்குள் சேர்த்தார்கள்; பலர் இன்னும் ஏற்கவில்லை. இதனால் மண்ணில் கிடந்த ஒக்ரோபக்ட்ரம் அந்த்ரோபிக்கு உங்கள் ரிப்போர்ட்டில் புரூசெல்லா அந்த்ரோபி என்று பெயர் விழும். கருச்சிதைவு நோய் என்று நினைத்து மாட்டை அறுக்கச் சொல்லிவிடுவார்கள். இனப் பெயர் வரை பார்க்காமல் ரிப்போர்ட்டில் “புரூசெல்லா” என்று மட்டும் எழுதி அனுப்பவே கூடாது.

மறுபக்கமும் உண்டு. மாட்டைப் பிடிக்கும் புரூசெல்லா அபோர்ட்டஸும் ஆட்டைப் பிடிக்கும் மெலிற்றென்சிஸும் ஏஎன்ஐயில் 99 சதவீதத்துக்கு மேல் ஒன்று. ஏஎன்ஐ இவற்றைப் பிரிக்காது. ஜீனோமை வைத்து இனங்களைப் பிரிக்கும் ஜிடிடிபி தரவகம் இந்தப் பழைய இனங்களை ஒரே கொத்தாக்கிவிடும். தனி எழுத்து மாற்றங்களை எண்ணித்தான் பிரிக்க வேண்டும்.

பெயர் சாதுவானது, விலங்கோ செத்துவிட்டது

2001, 2002இல் ஐவரி கோஸ்டின் டாய் காட்டில் சிம்பன்சிகள் திடீர் திடீரென்று செத்தன. அடைப்பான்தான். ஆனால் கிருமியின் குரோமோசோம் பசிலஸ் அந்த்ராசிஸோடு சேரவில்லை, சாதாரண மண் கிருமியான பசிலஸ் சீரியஸின் பக்கம் நின்றது. அடைப்பானின் நஞ்சையும் உறையையும் தரும் இரண்டு பிளாஸ்மிட்களும் அதில் இருந்தன. ஏஎன்ஐ குரோமோசோமின் சொந்தத்தைத்தான் சொல்லும். கொல்லும் ஆயுதம் பிளாஸ்மிட்டில் இருந்தால் அதற்கு அது தெரியாது. பெயர் சாதுவாக வந்தால் வட்டமாக மூடிக்கொள்ளும் சிறு துண்டுகளைத் தனியே எடுத்துத் தேடுங்கள்.

நச்சு ஜீன் பட்டியல் வெறுமையாக இருக்கிறது

விஎப்டிபி போன்ற நச்சு ஜீன் தரவகங்களில் பெரும்பாலும் மனிதரைத் தாக்கும், நன்கு ஆராய்ந்த கிருமிகளின் ஜீன்களே இருக்கின்றன. தூரத்துப் பற்றீரியாவின் நஞ்சு எழுத்து வரிசையில் 60 சதவீதம்தான் ஒத்திருக்கும். தேடல் 80 சதவீதத்தில் வெட்டிவிடும். புரத வரிசையாக மாற்றி, எல்லையைத் தளர்த்தித் தேடுங்கள். பட்டியல் நிறைந்து வந்தாலும் அவசரப்படாதீர்கள். இரும்பைப் பிடிக்கும் ஜீனும் ஒட்டிக்கொள்ளும் ஜீனும் குடலில் சும்மா வாழும் பற்றீரியாவுக்கும் வேண்டும்.

எல்லாம் சரி, புது இனம்தான். நோயைத் தந்தது இதுதானா?

ஜீனோம் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. இதை எங்கே சொன்னாலும் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும், ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும்.

சியரா லியோனில் டாகுகாமா என்ற சிம்பன்சி சரணாலயம். 2005 முதல் 2018 வரை 56 சிம்பன்சிகள் செத்தன. தள்ளாட்டம், வலிப்பு, வயிறு ஊதல். வந்தால் பிழைத்ததே இல்லை. வைரசா, நஞ்சா, தாவரமா என்று எல்லாம் தேடினார்கள். விஸ்கொன்சின்-மாடிசன் பல்கலைக்கழகத்தின் லியா ஓவன்ஸ் மூளை மாதிரியை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, நான்கு இதழ்ப் பூப் போலச் சேர்ந்திருக்கும் பற்றீரியாவைக் கண்டார். சார்சினா. ஜீனோம் எடுத்தால், தெரிந்த சார்சினா வென்ட்ரிகுலியோடு நெருக்கம், ஆனால் அது அல்ல. 2021இல் வெளியிட்டார்கள். நோயுற்ற சிம்பன்சிகளில் பெரும்பாலானவற்றில் அது இருந்தது, ஆரோக்கியமானவற்றில் ஒன்றிலும் இல்லை. அப்போதும் அவர்கள் “நோயோடு தொடர்புடையது” என்றே எழுதினார்கள், காரணம் என்று அடித்துச் சொல்லவில்லை.

மூன்று விஷயங்களை அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். இழையத்துக்குள், காயம் இருக்கும் இடத்திலேயே கிருமியைக் கண்ணால் பார்த்தார்கள். ஆரோக்கியமான விலங்குகளிலும் தேடினார்கள். ஒரே ஒரு விலங்கில் நிற்கவில்லை.

நம் பக்கத்தில் குறையாக நான் காண்பது இரண்டாவது. திருகோணமலை பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் ஒரு புள்ளிமான் செத்துக் கிடந்தால், வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியோடு மாதிரி எடுக்கிறோம், சரி. அதே நாளில் சுகமாக மேய்கிற நாலைந்து மான்களின் சாணத்தையும் எடுத்து வைக்கிறோமா? அது இல்லாவிட்டால், செத்த மானில் கண்ட பற்றீரியா எல்லா மானிலும் இருப்பதா இல்லையா என்பதை எந்த மென்பொருளாலும் சொல்ல முடியாது.

எலிக்காய்ச்சலைத் தரும் லெப்டோஸ்பைராவிலும் இதே எச்சரிக்கை. 2019இல் ஜீனோம்களை வைத்து அதன் இனங்களை 64 என்று எண்ணினார்கள். அவற்றில் ஒரு பெரிய கூட்டம் மண்ணிலும் தண்ணீரிலும் யாருக்கும் தொந்தரவில்லாமல் வாழ்வது. வயல் சேற்றில் புரண்ட எருமையின் சிறுநீரில் லெப்டோஸ்பைரா கிடைத்தால், எந்தக் கிளை என்று பாருங்கள். நோய்க் கிளையா, மண் கிளையா.

பெயர் வைக்கும் கட்டம் வந்தால், கிருமியை உயிரோடு வைத்திருக்க வேண்டும். இரண்டு வெவ்வேறு நாடுகளின் கிருமிச் சேமிப்பகங்களில் அதைக் கொடுத்தால்தான் பழைய விதிப்படி பெயர் செல்லும். வளர்க்க முடியாதவற்றுக்கு கண்டிடாட்டஸ் என்ற முன்னொட்டு. 2022இல் வந்த சீக்கோட் என்ற பெயரிடல் விதிகள் ஜீனோமையே மாதிரி வகையாக ஏற்கின்றன. குளிரூட்டியில் ஒரு குழாயை மட்டும் வைத்துவிட்டுக் கரண்ட் போகாது என்று இருந்துவிடாதீர்கள்.

வேலை முடியவில்லை, பட்டிக்காரர் போன் எடுக்கிறார்

தம்பலகாமத்துக் கன்றுக்குத் திரும்புகிறேன். முதல் நாள் என் திரையில் இருந்தவை: ஜீனோம் 10 லட்சம் எழுத்து, ஜிசி வீதம் 30க்குக் கொஞ்சம் கீழே. சாதாரணத் தட்டில் வளரவில்லை என்பது அதற்கும் முன்பே தெரியும். இந்த மூன்றும் சேர்ந்தால் மைக்கோபிளாஸ்மா குடும்பத்தைத்தான் முதலில் நினைக்க வேண்டும். அவற்றுக்குச் சுவர் இல்லை. சுவரைத் தாக்கும் பெனிசிலின் வகை மருந்து எதுவும் வேலை செய்யாது. கன்றுக்கு அந்த மூன்று நாளும் போனது பெனிசிலின்.

பெயர் எனக்குத் தெரிந்த அன்று வைத்தியர் மருந்தை மாற்றினார், கன்றை வேறாகக் கட்டச் சொன்னார், அந்தத் தாயின் பாலை மற்றக் கன்றுகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்றார். கன்று எழும்பி நடந்தது. அந்தக் கால் நேராகவில்லை.

இப்போது கோப்பு வந்த அன்றே வைத்தியருக்கு நான்கு வரி அனுப்புகிறேன். ஜீனோமின் நீளம், ஜிசி வீதம், கலப்பு உண்டா இல்லையா, எந்தக் குடும்பம் போலத் தெரிகிறது. இனத்தின் பெயருக்கு உரிய இடத்தில் “இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்” என்று எழுதுகிறேன்.